ஆறு மணி பஸ்ஸாக வந்த இரண்டு மணி பஸ்

அந்தப் பேருந்து நிலையத்துக்குள் ஒரு பேருந்துகூடத் தாமதமாக வந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, நிலையமே சொல்கிறது. நுழைவாயிலில் ஆள் உயர எழுத்தில் எழுதி, உள்ளே விளக்கு வேறு பொருத்தி வைத்திருக்கிறார்கள்: 'இங்கே தாமதம் இல்லை.' கழிப்பறையில் தண்ணீர் இல்லை. நடைமேடை மின்விசிறிகளுக்கு இறக்கை இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிகிற மாதிரி ஒரு பெஞ்சு இல்லை. இவற்றையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. எத்தனையோ இல்லைகளுக்கு நடுவே பெருமைப்பட வாய்த்தது அது ஒன்றுதான்.

இஸ்திரிக்காரருக்கு அந்தப் பலகையைப் பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாவம், எழுதி வைத்ததை நம்புகிற மனுஷன். கடையில் பாதி தேய்த்த சட்டைகளை அப்படியே மூட்டை கட்டிப் போட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் வரும் அப்பாவை இறக்கிக்கொள்ள ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார்.

அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. சாயம் போகிற துணி மாதிரி, துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. நாற்பது வருஷம் ஓட்டிய மாவுமில் போயிற்று. செத்துப்போன அம்மா போனாள். கடைசியில், கூடவே வைத்துச் சோறு போட்ட தங்கச்சியும் போய்விட்டாள்.

தங்கச்சி போனில் அழுதிருந்தாள். "அண்ணே, என்னைப் பாத்து 'நர்ஸம்மா, இன்னைக்கு ஊசி உண்டா'ன்னு கேக்கறார். உன்னை மட்டும்தான் தெரியுது. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கார். தெரிஞ்ச முகம் கண்ணு முன்னால இருக்கணும், போட்டுக் குழப்பக் கூடாது, குழப்பினா இருக்கறதும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். உன்னையும் மறக்கறதுக்குள்ள உன்கிட்ட வந்து சேரட்டும்ணே. என் கால்ல மாவுக்கட்டு. கூட வர முடியல. கண்டக்டர் நல்ல பையனாத் தெரியறான், கையோட பிடிச்சு உன் கையில குடுக்கறேன்னு சொல்லியிருக்கான். நீ மட்டும் சரியா நின்னுடு."

இஸ்திரிக்காரர் சரியாகத்தான் நின்றார். நிலையம்தான் நிற்க விடவில்லை.

இரண்டேகால் ஆகியும் பஸ்ஸைக் காணோம். விசாரணைக் கவுண்டரில் இருந்த அம்மாளிடம் போனார்.

"ரெண்டு மணி பஸ் வந்துடுச்சாம்மா?"

"வரும்."

"மணி ரெண்டேகால் ஆச்சே."

"மணி பாக்கறது எங்க வேலை சார். நீங்க போய் உக்காருங்க."

"இல்லம்மா, லேட்டாகும்னா சொல்லிடுங்க, நான்..."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். எங்கிருந்தோ ஒரு காவலாளி முளைத்து, கையிலிருந்த பிரம்பால் கவுண்டரின் விளிம்பை இரண்டு தட்டுத் தட்டினான்.

"சார், இங்க அந்த வார்த்தை பேசக் கூடாது."

"எந்த வார்த்தை?"

"இப்பச் சொன்னீங்களே, அது."

"லேட்டா?"

"பாத்தீங்களா, மறுபடியும்."

"சரிப்பா, வேற எப்படித்தான் கேக்கறது?"

காவலாளி பொறுமைசாலி. "'இன்னும் வரலை'ன்னு சொல்லலாம் சார். அதுல ஒண்ணும் தப்பில்ல. வராத பஸ்ஸு எல்லா ஊர்லயும் இருக்கும். வந்துட்டு நேரம் தவறினாத்தான் நிலையத்துக்குக் கெட்ட பேரு."

அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரரின் போன் அடித்தது. கண்டக்டர்.

"அண்ணே, உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். கேட்டுலதான் நிக்கறோம். உள்ள விட மாட்டேங்கறானுங்க. ஓடி வாங்கண்ணே!"

ஓடினார். வெளிக் கேட்டில் குறுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இந்தப் பக்கம் ஒரு நேரக்காப்பாளர், வாயில் விசிலோடு, கையில் இருந்த கடிகாரத்தைப் பஸ்ஸுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜன்னலில் அப்பா. தங்கச்சி தேய்த்த சட்டை போலிருக்கிறது, காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. இஸ்திரிக்காரருக்கு அந்த நேரத்திலும் அதை நீவிவிடக் கை துறுதுறுத்தது.

"டேய்!" அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டேன்டா! கையைக் காட்டு, கையைக் காட்டு!"

அது அவருடைய வழக்கம். இஸ்திரிக்காரர் தொழில் பழகிய புதிதில், இடது மணிக்கட்டில் பெட்டி பட்டுத் தோல் வெந்துபோய், பிறைபோலத் தழும்பாகிவிட்டது. அன்றிலிருந்து அப்பா எப்போது பார்த்தாலும் முதலில் கையைத் திருப்பிப் பார்ப்பார், புதிதாகச் சூடு பட்டிருக்கிறதா என்று. ஞாபகமெல்லாம் போன பிறகும் இது போகவில்லை. இஸ்திரிக்காரர் கம்பிக்கு மேல் எக்கிக் கையை நீட்டினார். எட்டவில்லை.

"சார், கம்பியைக் கொஞ்சம் தூக்குங்க. எங்கப்பா."

"ரெண்டு மணி பஸ்ஸு ரெண்டு மணிக்கு வரணும்," என்றார் நேரக்காப்பாளர். "இப்ப மணி என்ன? அப்ப இது ரெண்டு மணி பஸ்ஸு இல்ல."

"பின்ன இது என்ன?"

"இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. ஒரு நாலு சுத்து சுத்திட்டு ஆறு மணிக்கு வந்தா, ஆறு மணி பஸ்ஸு."

கண்டக்டர் படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கத்தினான். "அண்ணே, ஊர் எல்லைக்கு நாங்க ஒண்ணேமுக்காலுக்கே வந்தாச்சு! ஏற்கெனவே சுத்திக்கிட்டிருக்கிற பஸ்ஸெல்லாம் சுற்றுச்சாலையை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதைத் தாண்டி வர்றதுக்குள்ள மணியாயிடுச்சு. இப்ப எங்களையும் சுத்தச் சொல்றாங்க. நாங்க சுத்தினா அடுத்து வர்றவனுக்கும் இதே கதிதான்!"

"சரி, அவரை இங்கயே இறக்கி விட்டுடு. நான் பிடிச்சுக்கறேன்."

அதற்குள் பச்சைப் பட்டை அணிந்த ஒருவர் பஸ்ஸில் ஏறிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுற்று மேற்பார்வையாளர் என்று மார்பில் எழுதியிருந்தது. அரக்கன் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சு மாதிரி மெத்தென்று பேசுகிற மனிதர்.

"வெளியில இறக்க முடியாதுங்க. நிலையத்துக்குள்ள இறங்கினாத்தான் பயணி வந்து சேர்ந்த மாதிரி. ரோட்டுல இறங்கினா அவர் வராத பயணி. வராதவரை நீங்க எப்படி வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "இறங்கணும் நான். இது எங்க ஊர். அதோ நிக்கறான் பாருங்க, என் மகன்."

மேற்பார்வையாளர் அவர் தோளில் கைவைத்து அன்பாக உட்கார வைத்தார். "உங்க ஊர் இன்னும் வரல பெரியவரே. வந்தா நானே சொல்றேன். உக்காருங்க."

விசில் ஊதியது. பஸ் பின்வாங்கித் திரும்பியது. அப்பாவின் கை ஜன்னலுக்கு வெளியே அப்படியே நீண்டிருந்தது.

பதறிப்போய் நின்ற இஸ்திரிக்காரரைப் பார்த்து நேரக்காப்பாளருக்கே இரக்கம் வந்துவிட்டது. "உள்ள போய்க் காணாமற்போனோர் பிரிவுல சொல்லுங்க. ஆள் சம்பந்தப்பட்டதெல்லாம் அவங்கதான்."

காணாமற்போனோர் பிரிவில் மேசைமேல் ஒரு குடையும், ஒற்றைச் செருப்பும், அவற்றுக்குப் பின்னால் ஓர் அலுவலரும் இருந்தார்கள். அலுவலரின் கால்சட்டையில் இரட்டைக் கோடு விழுந்திருந்தது. பழைய மடிப்பை நீவாமலே புது மடிப்புப் போட்ட வேலை. இஸ்திரிக்காரர் அதைப் பார்க்காத மாதிரி விஷயத்தைச் சொன்னார்.

"அப்பா இப்ப எங்க இருக்கார்?"

"பஸ்ஸுல. சுற்றுச்சாலையில."

"எந்த சீட்?"

"மூணாவது ஜன்னல்."

அலுவலர் நாற்காலியில் சாய்ந்தார். "என்ன சார் விளையாடறீங்களா? எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுது. எந்த ஜன்னல்னுகூடத் தெரியுது. எங்க இருக்கார்னு தெரிஞ்சா அவர் எப்படிக் காணாமப் போனவர் ஆவார்? இங்க வர்றவங்க எவ்வளவு வேதனையோட வர்றாங்க தெரியுமா? உங்களுக்கு அவங்களைவிட எவ்வளவோ தேவல. காணாமப் போகட்டும், அப்ப வாங்க. முதல் ஆளா எடுத்துக்கறேன்."

நியாயம்தானே என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது இஸ்திரிக்காரருக்கு. அந்தக் கட்டடத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றால் அப்படித்தான். அங்கே பேசுவது எல்லாமே நியாயமாக இருக்கும். நம் பிழைப்புதான் நியாயமில்லாமல் போய்விடும்.

வெளியே வந்தவரைக் கூட்டத்தில் ஒருவர் நடைபாலத்தில் ஏறச் சொன்னார். சுற்றுச்சாலையின் குறுக்கே போகும் அந்தப் பாலத்தை எல்லோரும் தரிசனப் பாலம் என்கிறார்கள். மேலே ஏறிப் பார்த்தால், கீழே பஸ்கள் செக்குமாடு மாதிரி நிலையத்தைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பாலத்துக் கைப்பிடி நெடுகிலும் சொந்தக்காரர்கள். ஒரு டீக்காரர் கடை போட்டு, 'பன்னெண்டு மணி பஸ் வருது, பன்னெண்டு மணிக்காரங்க முன்னால வாங்க' என்று இடம் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கீழே காட்டினாள்.

"இவங்கப்பாங்க," என்றாள் மூச்சு வாங்க. "இப்பத்தான் முதமுதல்ல புள்ளையைப் பாக்கறார். போன சுத்துல முதுகுதான் தெரிஞ்சுது."

"எப்ப இறக்குவாங்களாம்?"

"ஆறு மணி வண்டியா வரலாம்னாங்க. அந்த இடம் வேற பஸ்ஸுக்குப் போயிடுச்சுன்னா எட்டு மணி."

"கடைசி வண்டியும் போயிடுச்சுன்னா?"

டீக்காரர் திரும்பினார். "அது மறுநாள் முதல் வண்டியா வரும். அதுக்கு 'அதிகாலைச் சிறப்புச் சேவை'ன்னு பேரு. போன மாசம் அதுக்கு ஒரு கோப்பை குடுத்தாங்க."

அப்பாவின் பஸ் வந்தது. இஸ்திரிக்காரர் கைப்பிடியில் வயிறு அழுந்தக் குனிந்து, "அப்பா! அப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டார்! உடனே பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி எதையோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். பஸ் பாலத்துக்கு அடியில் போய் மறைந்தது.

இனிப் பொறுக்க முடியாது என்று இஸ்திரிக்காரர் நேரே நிலைய மேலாளரின் அறைக்குப் போனார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அதனால் கதவருகில் இருந்த உதவியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் உள்ளே நுழைய முடிந்தது. குளிர்ந்த அறை. நான்கு சுவரிலும் நான்கு கடிகாரம். மேலாளரின் சட்டையில் கஞ்சி அதிகம். கையை மடக்கினால் முறிந்துவிடும் போலிருந்தது.

"உக்காருங்க. கோபமா இருக்கீங்க, தெரியுது. கோபப்படற பயணி நல்ல பயணி. இன்னும் நம்பிக்கை விட்டுப் போகலைன்னு அர்த்தம்."

"சார், எங்கப்பா..."

"சொல்றேன். நான் இங்க வர்றப்போ பாதிக்குப் பாதி வண்டி நேரம் தவறித்தான் வரும். எனக்கு முன்னால இருந்தவர் என்ன செஞ்சார் தெரியுமா? பஸ்ஸைச் சீக்கிரம் வர வைக்கப் பாத்தார்!" மேலாளர் சிரித்தார். "ரோட்டைச் சரிபண்ணுங்கறது, ஓட்டை வண்டியை மாத்துங்கறது, டிரைவருக்குத் தூங்க இடம் குடுங்கறது. நல்ல மனுஷன். நெஞ்சுவலியில போயிட்டார். நான் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். பஸ் எந்த இடத்துல லேட்டாகுது?"

சொன்னவர் சட்டென்று கதவைப் பார்த்தார். காவலாளி இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"உள்ள நுழையற இடத்துலதான். நுழையாத பஸ்ஸு நேரம் தவற முடியுமா? முடியாது. அவ்வளவுதான். செலவு ஒரு விசில், ஒரு கம்பி. எட்டு ஊர்லேருந்து வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க."

"சுத்தற வண்டியாலதான் மத்த வண்டியும் நேரத்துக்கு வர முடியலைன்னு கண்டக்டர் சொல்றாரு சார்."

"தெரியும். அதுக்குத்தான் வெளியில ரெண்டாவது சுற்றுச்சாலை போடப் போறோம். ஒரு விஷயம் சொல்லட்டுமா? ஒரு பஸ்ஸோட நேரத்தை அதிகமா யாரு தின்னுறாங்கன்னு ஆய்வு பண்ணினோம். பயணிங்க! ஏறும்போது கொஞ்சம், இறங்கும்போது கொஞ்சம். அதுலயும் வயசானவங்க படியில கால வெச்சா... உங்கப்பாவைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

"சார்," இஸ்திரிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், "அவருக்கு ஞாபகம் போயிட்டிருக்கு சார். பொண்ணையே தெரியல. என்னை ஒருத்தனைத்தான் தெரியும். இப்படிச் சுத்தவிட்டு, ஊர் வரல ஊர் வரலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தா அதுவும் போயிடும் சார். உங்களுக்கும் அப்பா இருப்பார் இல்ல?"

மேலாளரின் முகம் உண்மையிலேயே கனிந்தது. "ஞாபகம் இல்லாதவர்னா காத்திருக்கறதும் அவருக்குத் தெரியாதே. மனசு கஷ்டப்படவே படாது. இந்த நிலையத்துக்குக் கிடைச்சதிலேயே சிறந்த பயணி அவர்தான்." சொல்லிவிட்டு எதையோ யோசித்தார். யோசனை பிடித்துப்போய், மேசையைத் தட்டினார். "ஆறு மணிக்கு விருதுக் குழு வருது. ஆறு மணி பஸ்ஸு நேரத்துக்கு நுழையறதைத் தலைவர் கண்ணால பாக்கப் போறார். வண்டியிலேருந்து முதல் ஆளா ஒரு வயசானவர் இறங்கறார். மகன் பூங்கொத்தோட ஓடிப்போய்க் கட்டிக்கறார். எப்படி இருக்கும்! ஒத்துக்கறீங்களா? முதல்ல உங்கப்பாவைத்தான் இறக்குவோம். இல்லைன்னா கூட்டத்துல வரிசைப்படிதான்."

ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்? அவர் கை அவர்கள் கழுத்தில் இருந்திருந்தால் வேறு பேச்சு. இருந்தது அவர் கழுத்தில் அவர்கள் கை. தலையாட்டினார்.

அதற்கப்புறம் அந்தக் கொடுமை நடந்தது. உதவியாளர் அவரை நடைமேடைக்குக் கூட்டிப்போய் ஒத்திகை பார்த்தார். உதவியாளர்தான் அப்பா. கையில் ஒரு பையைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்துப் படியிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கினார். இஸ்திரிக்காரர் பிளாஸ்டிக் பூங்கொத்தோடு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"முகத்துல சந்தோஷமே இல்லையே. மறுபடியும்."

மறுபடியும் கட்டிக்கொண்டார்.

"ஓடி வர்றப்போ வேட்டியைப் பிடிச்சுக்காதீங்க. 'அப்பா'ன்னு கூப்பிடணும். மைக்கு அந்தப் பக்கம் இருக்கு."

அசல் அப்பா அந்த நேரம் சுற்றுச்சாலையில் போய்க்கொண்டிருந்தார். நகல் அப்பாவை இஸ்திரிக்காரர் மூன்று தடவை கட்டிப்பிடித்து முடித்தபோது கண்டக்டரிடமிருந்து போன் வந்தது. பேச்சு கிசுகிசுப்பாக இருந்தது.

"அண்ணே, மனசு கேக்கல, அதான் பண்றேன். ஒவ்வொரு சுத்துலயும் நிலையத்துப் பலகை தெரிஞ்ச உடனே அப்பா எழுந்திரிச்சு 'எங்க ஊர் வந்துடுச்சு, இறங்கணும்'ங்கறார். மேற்பார்வையாளர் 'இது உங்க ஊர் இல்ல'ங்கறார். முதல்ல பஸ்ஸே அவருக்காகச் சண்டை போட்டுதுண்ணே. இப்ப எல்லாரும் ஓய்ஞ்சு போய், 'சும்மா உக்காருங்க பெரியவரே, உங்களுக்கு ஞாபகம் சரியில்ல, இது வேற ஊர்'னு அவங்களே சொல்றாங்க. பாலத்துல நீங்க நின்னீங்கல்ல? அதோ என் மகன்னு காட்டினார். பக்கத்து சீட்டுக்காரர், 'அது யாரோ, உங்க மகன் இல்ல'ன்னுட்டார்."

"அப்பா என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் சண்டை போட்டார்ணே. அப்புறம், 'அப்படியா, சரிங்க'ன்னார்."

அந்த பஸ்ஸில் இருந்தவர்களிலேயே ஊரைச் சரியாக அடையாளம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவருக்குத்தான் ஞாபகம் சரியில்லை என்று ஒரு பஸ்ஸே சேர்ந்து புத்தி சொல்லித் திருத்திவிட்டது.

ஆறு மணிக்கு நடைமேடை கழுவி விடப்பட்டிருந்தது. மின்விசிறிகளுக்குக்கூட இறக்கை முளைத்திருந்தது. விருதுக் குழுத் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"தாமதம் என்னும் கொடிய நோயை வேரோடு அறுத்து எறிந்த இந்த நிலையத்தைக் கண்டு என் உள்ளம் பூரிக்கிறது. நான் வரும் வழியில் சுற்றுச்சாலையில் நெடுநேரம் நெரிசலில் நிற்க நேர்ந்தது. எண்ணற்ற பேருந்துகள்! எவ்வளவு சுறுசுறுப்பு! அவை எங்கே போகின்றன என்று கேட்டேன். எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கின்றன என்றார்கள். பேருந்துகள் பிரிந்துபோக மனமின்றிச் சுற்றிச்சுற்றி வரும் ஒரு நிலையத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை!"

கைதட்டல் அடங்குவதற்குள் கம்பி உயர்ந்தது. விசில் ஊதியது. நிலையத்துக் கடிகாரமெல்லாம் ஆறு காட்டிய அந்த நொடியில், முகப்புப் பலகை மாற்றிய இரண்டு மணி பஸ் கம்பீரமாக உள்ளே நுழைந்தது. ஒலிபெருக்கி, ஆறு மணி பேருந்து சரியான நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டது என்று குழைந்து சொன்னது. பாலத்தில் கைக்குழந்தையோடு நின்ற பெண் அழுதுகொண்டே கைதட்டுவது தெரிந்தது. பன்னிரண்டு மணி வண்டிக்கு இடம் கிடைக்கவில்லை போலும்.

கதவு திறந்தது. மேற்பார்வையாளர் கையைப் பிடித்துக்கொள்ள, அப்பா ஒவ்வொரு படியாக இறங்கினார். இஸ்திரிக்காரர் ஓடினார். ஒத்திகையெல்லாம் மறந்துவிட்டது, பூங்கொத்து எங்கேயோ விழுந்தது.

"அப்பா!"

அப்பா ஒரு அடி பின்வாங்கினார். பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"யாருங்க நீங்க?"

"நான்தாம்பா. என்னைப் பாருங்கப்பா."

அப்பா பார்த்தார். மரியாதையாகத்தான் பார்த்தார். "என் மகன் எங்க ஊர்ல இருக்கான். இது எங்க ஊர் இல்லீங்க. எங்க ஊர் இன்னும் வரல." சொல்லிவிட்டு மேற்பார்வையாளரிடம் திரும்பி, பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி கேட்டார். "நான் சொல்றது சரிதானே?"

மேற்பார்வையாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் சட்டைப் பையில் இருந்த சாவியைத் தடவிக்கொண்டு நின்றார். மைக் அந்தப் பக்கம்தான் இருந்தது. அப்பா சொன்னது நிலையம் முழுக்கக் கேட்டுவிட்டது. மேலாளரின் கஞ்சிச் சட்டை வியர்வையில் நமுத்தது.

ஆனால் தலைவர் என்று ஒருவரைச் சும்மாவா வைத்திருக்கிறார்கள்? அவர் மைக்கை எட்டிப் பிடித்தார்.

"கேட்டீர்களா? ஊர் இன்னும் வந்திருக்காது என்று இந்தப் பெரியவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் எதிர்பார்த்ததற்கும் முன்னால் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள்! நேரம் தவறாமைக்கு விருது கொடுக்க வந்தேன். முன்கூட்டியே வருவதற்கும் ஒன்று சேர்த்துக் கொடுக்கிறேன்!"

கரகோஷம் வானத்தைப் பிளந்தது. மேலாளர் இரண்டு கோப்பைகளை வாங்கிக்கொண்டார். படம் எடுத்தார்கள். படத்தில் நடுவே அப்பா நிற்கிறார், பக்கத்தில் மகன் நிற்கிறார். விஷயம் தெரியாதவர் யாராவது பார்த்தால் கண் நிறைந்துபோகும். பிறகு எல்லோரும் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட மேலே போனார்கள். மின்விசிறியின் இறக்கைகளைக் கழற்றிப்போக ஏணியோடு ஆள் வந்தான்.

அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். ஊர் வந்தால் சொல்கிறேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், அவர் வந்து சொல்லட்டும். கண்டக்டர் தலைகுனிந்தபடி வந்தான். "கையோட பிடிச்சுக் குடுக்கறேன்னு அந்த அக்காகிட்ட சொன்னேன்ணே," என்றான். பிறகு பஸ் கிளம்பும் நேரமாகிவிட்டது, போய்விட்டான்.

எதிரே காணாமற்போனோர் பிரிவில் விளக்கு எரிந்தது. இஸ்திரிக்காரர் அதைப் பார்த்தார். போய் என்னவென்று சொல்வது? கை நீட்டினால் தொடும் தூரத்தில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடங்கிக் கிடந்த காலரை மெல்ல நீவி விட்டார். அப்பா தடுக்கவில்லை. காலரை நீவிய கையைத்தான் பார்த்தார். பார்த்தவர், சட்டென்று அதைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பினார்.

"ஐயோ, சூடு பட்டிருக்கே தம்பி!"

"ஆமாங்க. பழசு."

"என் மகனுக்கும் இதே இடத்துலதான். இஸ்திரிக்கடை வெச்சிருக்கான். கவனமே பத்தாது. நான் பாத்துப் பாத்துச் சொல்லணும்." தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொடுத்தார். ஊதிக்கூட விட்டார். "ரெண்டு மணிக்கே வந்து நிப்பேன்னு சொன்னான். இன்னும் காணோமே."

இஸ்திரிக்காரர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"வருவாருங்க. கொஞ்சம் லேட்டாகும்."

பெஞ்சின் விளிம்பில் பிரம்பு இரண்டு தட்டுத் தட்டியது.

"சார், இங்க அந்த வார்த்தை பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல?"